இக்கணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்

ஜெனரேட்டர் மெக்கானிக் வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. பேச்சுதான் நடக்கும். அந்தப் பேச்சு நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் சேர்த்து நடக்கும், அவ்வளவுதான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவர் பகலெல்லாம் ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, அதன் சத்தத்துக்கு மேலே கத்திப் பிழைக்கிறவர். அவர் மனைவி அச்சகத்தில், தடதடவென்று ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே தாள் அடுக்குகிறவள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது தொண்டையை மட்டும் வேலையிடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா?

"டீயில சர்க்கரை போட்டியா?" என்று அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டால், எதிர்வீட்டுக்காரர் தன் டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொள்வார்.

"நாக்கு இருக்கில்ல, குடிச்சுப் பாருங்க. டப்பா கண்ணு முன்னாடி இருக்கு, கேள்வி கேக்க வந்துட்டாரு" என்று மனைவி பதில் சொல்லும்போது மொட்டைமாடிப் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காரும். இந்த அமளிக்கு நடுவில் அவர்களுடைய ஒரே மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், தட்டைக் காலி செய்வாள், படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போவாள். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அவளுக்கு.

அந்த வருஷம் மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே பிள்ளைகளே மோட்டார் கட்டிப் பார்க்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்தாள். தலைமையாசிரியை மெக்கானிக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பொண்ணு கெட்டிக்காரி. அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீட்டு அமைதிச் சான்று இன்னும் வரலையே."

"அப்படின்னா என்ன மேடம்?"

"வீட்ல எல்லாரும் மன அமைதியோட இருக்கீங்கன்னு அமைதித் துறையில எழுதித் தரணும். இப்ப எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கேக்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடும்."

"வாங்கிட்டு வந்துடறேன் மேடம்" என்றார் மெக்கானிக், தன் வழக்கமான குரலில். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. தலைமையாசிரியை அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

குடும்ப அமைதித் துறை இயங்கிய கட்டடம் முன்பு நிலவரி அலுவலகமாக இருந்தது. அதே மேசைகள், அதே மின்விசிறிகள், அதே ஆட்கள். சுவரில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூழாங்கற்களின் படத்தைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு பலகை: "இந்தக் கணத்தில் இருங்கள். செருப்பை வெளியே விடுங்கள். தொலைந்தால் பற்றை விடுங்கள்."

கவுன்டரில் இருந்தவர் மூச்சு ஆய்வாளர். பக்கத்தில் யாரோ தூங்குவதைப் போல மெதுவாகப் பேசுகிற மனிதர். கழுத்தில் துறையின் வெள்ளைத் துண்டு. மெக்கானிக் விவரம் சொல்லி, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, உட்காரச் சொன்ன இடத்தில் அலுவலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மறுநாள் போனார்.

"நேத்து எழுதிக் கொடுத்தேனே சார், வீட்டு அமைதிச் சான்று."

"நேத்தா?" ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நேத்துங்கறது போயாச்சு சார். போனதைப் பிடிச்சுத் தொங்கறதுதான் உங்க வியாதியே. நாங்க இந்தக் கணத்துல மட்டும்தான் வேலை பாக்கறோம்."

"அப்ப நான் குடுத்த விண்ணப்பம்?"

"விட்டுட்டோம்."

"சரி, இன்னிக்கு மறுபடி எழுதித் தரேன். நாளைக்குக் கிடைச்சிடுமா?"

"நாளை இன்னும் வரவே இல்லையே. வராததை நினைச்சு எதுக்குப் பதறணும்?"

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது என்றால் ஒரு மனிதன் எந்தக் கிழமையில்தான் வருவது? விவரம் தெரிந்த ஒருவர் வரிசையில் பின்னாலிருந்து சொன்னார், இங்கே எழுதிக் கொடுத்த மூச்சிலேயே பரிசோதனையும் கேட்டு வாங்கிவிட வேண்டும், நடுவில் டீ குடிக்கப் போனால்கூடக் கதை முடிந்தது என்று. அப்படியே செய்தார்.

ஆய்வாளர் அவருடைய மூக்குக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். "மூச்சு விடுங்க."

விட்டார்.

"தப்பு."

"என்ன சார் தப்பு? பொறந்ததுலேருந்து இப்படித்தானே விடறேன்."

"அதான் தப்பு. நீங்க பாட்டுக்கு விடறீங்க. விடறோம்னு தெரிஞ்சு விடணும்."

மெக்கானிக் தெரிந்து விட்டுப் பார்த்தார். உள்ளே இழுத்தது எப்போது முடிகிறது, வெளியே விடுவது எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கப் போய், நடுவில் எது முதலில் என்பதே மறந்துவிட்டது. கண் பிதுங்கியது. முகம் சிவந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"இப்ப சரி" என்றார் ஆய்வாளர் திருப்தியோடு. "குடும்பத்தோட வகுப்புக்கு வாங்க."

வகுப்பு பெரிய கூடத்தில் நடந்தது. துறையின் ஆணையர் வரும்வரை எல்லாக் குடும்பங்களும் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக இருந்தன. ஆணையர் வருவதற்கு மதியமாகிவிட்டது. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்று அறிவித்தார்கள்.

"நான் கோபத்தை விட்டு ரொம்ப வருஷமாச்சு" என்று ஆரம்பித்தார் ஆணையர். "இப்ப எனக்காக என் டிரைவர்தான் கோபப்படறார். என் மனைவிக்கும் எனக்கும் நடுவுல ஒரு வார்த்தை தடிச்சது கிடையாது. அவங்க தன்னோட அண்ணன் வீட்ல சௌக்கியமா இருக்காங்க. என் பையன் என்கிட்ட இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அவன் தன் அறைக் கதவைச் சாத்திக்கிட்டு தியானத்துல உட்கார்ந்துடுவான். நான் கிளம்பின பிறகுதான் எழுந்திருப்பான். அப்படி ஒரு பக்குவம், அந்தச் சின்ன வயசுலயே."

கூடம் கைதட்டியது. அப்போது மைக் கீச்சென்று கத்திற்று. ஆணையர் கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்து, புன்னகையோடு திறந்தார்.

"மைக் போட்டவரை நான் மனசார மன்னிச்சுட்டேன். நாளையிலேருந்து அவர் வேலைக்கு வர வேண்டாம்."

நாளை இன்னும் வரவில்லை என்று கவுன்டரில் சொன்னார்களே, ஆணையருக்கு மட்டும் எப்படி வந்தது என்று மெக்கானிக்குக்குக் குழப்பமாக இருந்தது. மனைவியிடம் கேட்கலாம் என்றால் அவர் கேட்பது மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கும். வாயை மூடிக்கொண்டார்.

வீட்டு விதிகளையும் அங்கேயே சொல்லிக் கொடுத்தார்கள். பேசுவதற்கு முன்னால் மூன்று மூச்சு விட வேண்டும். குரல் அறையைத் தாண்டக் கூடாது. எதைச் சொன்னாலும் 'நான் உணர்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். யாரையும், எதையும், குறை காணாமல் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் எந்தக் கணத்திலும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

"சான்று கைக்கு வர்ற வரைக்கும்தான்" என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள். மகளின் பட்டறைக்காக இதைக்கூடச் செய்ய மாட்டார்களா?

அன்று சாயங்காலமே சோதனை வந்தது. மனைவி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள். பால் மேலே ஏறுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டார். ஒரு மூச்சு விட்டார். பால் விளிம்புக்கு வந்தது. இரண்டாவது மூச்சு. மூன்றாவது.

"அடுப்பில் பால் பொங்குவதாக நான் உணர்கிறேன்" என்றார்.

பால் அதற்குள் பொங்கி, வழிந்து, மேடையிலிருந்து தரைக்கு இறங்கி, அவர் காலடிக்கே வந்து சேர்ந்துவிட்டது. மனைவி திரும்பிப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. சாதாரண நாளாக இருந்தால் அவருடைய பரம்பரையே வரிசையாக வந்து அந்தச் சமையலறையில் தலைகுனிந்து நின்றிருக்கும். அவள் மூன்று மூச்சு விட்டாள்.

"பால் பொங்கியதை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தாள்.

மெக்கானிக்குக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், நிஜமாகவே பயந்துவிட்டார். இவள் என்னைத் திட்டவில்லையே என்று நினைத்து ஒரு மனிதன் பயப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமான நாளிலிருந்து திட்டு வாங்கிப் பழகியவருக்குத்தான் அது தெரியும்.

மறுநாள் கிரீஸ் பிடித்த காலணியோடு, துடைத்த தரையில் வேண்டுமென்றே குறுக்கே நடந்து பார்த்தார். "உங்கள் காலடித் தடங்களை நான் குறை காணாமல் கவனிக்கிறேன்" என்றாள். ஈரத் துண்டைப் படுக்கைமேல் போட்டார். அவள் எடுத்துக் கொடியில் காயப் போட்டாள். அவளுடைய சீப்பை எடுத்துச் செருப்பிலிருந்த மண்ணைச் சுரண்டினார். அதற்காவது ஏதாவது விழும் என்று நின்றார். அவள் சீப்பைக் கழுவி வைத்துவிட்டு, அவரைப் பார்த்துத் துறை சொல்லிக் கொடுத்த புன்னகையைச் செய்தாள்.

எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா? நாலு நாளா டீயே இறங்க மாட்டேங்குது."

மகள்தான் மாறிப்போனாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். அப்பா இருக்கிற அறைக்கும் அம்மா இருக்கிற அறைக்கும் நடுவிலேயே நடந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"அப்பா, நான் உன்கூட இருக்கணுமா, அம்மாகூடவா?"

"என்னம்மா கேள்வி இது?"

"என் பக்கத்துல உட்கார்ற பொண்ணோட அப்பா அம்மா பிரியறதுக்கு முன்னாடி இப்படித்தான் மெதுவா பேசிக்கிட்டாங்களாம்."

அப்படி எதுவுமே இல்லை என்று தெருவே அதிரக் கத்த வேண்டும்போல் அவருக்கு இருந்தது. ஆனால் ஆய்வாளர் எந்தக் கணத்திலும் வருவார். மூன்று மூச்சு விட்டு, "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மெல்லச் சொன்னார். அந்த மெல்லிய குரலில் அது அசல் பொய் மாதிரியே கேட்டது. மகள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பவில்லை.

மாதக் கடைசிக்கு ஒரு நாள் இருந்தபோது ஆய்வாளர் வந்தார். சாப்பாட்டு நேரம். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, தானும் மேடையோரம் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டின் சத்தங்களைக் கவனியுங்கள்" என்றார். "கொதிக்கும் சத்தம். உங்கள் மூச்சின் சத்தம். எதற்கும் பதில் சொல்லாதீர்கள்."

மெக்கானிக்குக்குக் கருகல் வாடை அடித்தது. வேலைப் பழக்கம், மூக்கு முந்திக்கொண்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஆய்வாளரின் வெள்ளைத் துண்டின் நுனி அடுப்பைத் தொட்டு, தீப்பிடித்து, கழுத்தை நோக்கி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ஆழ்ந்த அமைதியில் இருந்தார். மெக்கானிக் ஒரு மூச்சு விட்டார். மகளின் இடம், பட்டறை, எல்லாம் கண்முன்னால் வந்தது. இரண்டாவது மூச்சுக்கு அவரால் பொறுக்க முடியவில்லை.

"யோவ், துண்டுல தீ" என்று போட்டார் ஒரு சத்தம். புறாக்கள் எழுந்தன. மனைவி குடத்துத் தண்ணீரை அப்படியே தூக்கி ஆய்வாளர் தலையில் கவிழ்த்தாள்.

ஆய்வாளர் கண்ணைத் திறந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீதியிருந்த துண்டைத் தடவிப் பார்த்தார்.

"எச்சரிக்கை சரி" என்றார். "தொனி சரியில்ல. மூணு மூச்சுக்கு ஒண்ணுதான் விட்டீங்க. 'நான் உணர்கிறேன்' வரவே இல்ல. 'யோவ்'ங்கறது விதியிலேயே கிடையாது. சான்றுக்குப் பரிந்துரைக்க முடியாது."

மகளின் முகம் சுருங்கிப்போனது. அதைத் தாய் பார்த்துவிட்டாள். அப்புறம் அவள் பேசியதை எழுத்தில் கொண்டுவருவது கடினம், ஏனென்றால் எழுத்துக்குச் சத்தம் கிடையாது.

"ஏன் சார், உங்க கழுத்து எரியறப்போ மூணு மூச்சு விட்டுட்டு, 'நீங்கள் எரிவதாக உணர்கிறேன்'னு சொல்லணுமா? பொழைச்சு வந்ததுக்கு மார்க் குறைக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். எல்லாத்தையும் கவனிங்க கவனிங்கன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, சொந்தத் துண்டைக் கவனிச்சீங்களா? இந்த வீட்ல ஒரு வாரமா நாங்க பேசவே இல்ல. என் பொண்ணு சாப்பிடவே இல்ல. அப்பனும் ஆத்தாளும் பிரியப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இதுக்குப் பேரு அமைதியா?" பிறகு அதே வேகத்தில் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? அந்த ஒரு மூச்சுகூட எதுக்கு விட்டீங்க? பாத்தவுடனே கத்தத் தெரியாதா? வாய் எதுக்கு இருக்கு? என் சீப்பால செருப்பைச் சுரண்டறதுக்கு மட்டும் கை நீளுதே. அந்தப் பாலுக்கும் சேர்த்துச் சொல்றேன்..."

பாலுக்கும் சேர்த்துச் சொன்னாள். காலணித் தடத்துக்கும் ஈரத் துண்டுக்கும் தனித்தனியாகச் சொன்னாள். மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை, "பாலை அடுப்புல வெச்சுட்டு முதுகைக் காட்டினது யாரு?" என்று பதிலுக்கு ஏறினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். எதிர்வீட்டில் யாரோ டீக்கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. மகள் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

ஆய்வாளர் போயிருக்கலாம். போகவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, தலையைச் சாய்த்துக்கொண்டு, அவர்கள் ஓய்கிறவரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு படியிறங்கினார்.

மறுநாள் கடைசி நாள். மெக்கானிக் கையைப் பிசைந்தார். மனைவி மகளின் தலையைப் பின்னிவிட்டாள். மூவருமாக மெக்கானிக்கின் வேனில் கிளம்பி அமைதித் துறைக்குப் போனார்கள். கவுன்டரில் ஆய்வாளர் புதுத் துண்டு போட்டிருந்தார்.

"நேத்துதான் சொல்லிட்டேனேம்மா. நேத்து நடந்த சோதனையில..."

"நேத்தா?" என்றாள் அவள். "நேத்துங்கறது போயாச்சே சார். நீங்க இந்தக் கணத்துல மட்டும்தானே வேலை பாக்கறீங்க? இப்ப நாங்க மூணு பேரும் அமைதியாத்தானே நிக்கிறோம். குறை காணாம பாருங்க."

ஆய்வாளர் பார்த்தார். மூவரும் சாதுவாக நின்றார்கள். மெக்கானிக் மூச்சுகூட விடவில்லை. துறையின் அடித்தளத்தையே பெயர்த்தால் ஒழிய இதற்குப் பதில் கிடையாது என்று ஆய்வாளருக்குத் தெரிந்தது. சான்றை எழுதினார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: இக்கணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்.

"இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள?" என்று மெக்கானிக் கேட்டார்.

"காலாவதி ஆயிடும்."

"மத்தவங்க எல்லாம் என்ன பண்றாங்க?"

ஆய்வாளர் யோசித்தார். இதுவரை யாருமே இவ்வளவு தூரம் வந்ததில்லை போலிருக்கிறது. கடைசியில் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "நானே வந்து அங்க முத்திரை போட்டாத்தான் உண்டு."

வேனின் பின்பக்கம் பழுதுக்கு வந்த ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆய்வாளர் உட்கார்ந்தார். தலைமையாசிரியையின் அறையில் மூவரும் சுவரோரமாக நின்றார்கள். ஆய்வாளர் முத்திரை குத்தினார். மை காய்வதற்குள் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். அந்தக் கணம் முடிந்தது. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் ஒரே ஓட்டமாகப் பட்டறை ஜன்னலுக்கு ஓடினாள். அவளை அங்கிருந்து பிய்த்துக்கொண்டு வருவது பெரும்பாடாக இருந்தது.

திரும்பும் வழியில் மெக்கானிக் வேனை ஒரு சந்தில் திருப்பினார். சந்து முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தது.

"தோண்டியிருக்காங்க, அந்தப் பக்கம் போகாதீங்கன்னு காலையிலேயே சொன்னேன்ல?"

"எப்ப சொன்னே? தலை பின்னிக்கிட்டே சுவத்தைப் பாத்துச் சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"எனக்குத்தான் சுவரும் நீங்களும் ஒண்ணாச்சே."

சட்டென்று இருவருக்கும் பின்னால் இருப்பவரின் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்ல சார், நீங்க இருக்கறது மறந்து போய்..."

"சான்றுதான் காலாவதி ஆயிடுச்சே. பேசுங்க." ஆய்வாளர் ஜெனரேட்டரைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க வீட்லயும் மெதுவாப் பேசித்தான் ஆரம்பிச்சோம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் அந்த மெதுவான பேச்சும் தேவைப்படல. இப்ப என் சம்சாரம் சாப்பாட்டை மூடி வெச்சுட்டுத் தூங்கிடறாங்க. நல்ல அமைதி."

மெக்கானிக்குக்குக் கஷ்டமாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது. அவள் இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மதியம் சாப்பிட்டீங்களா?"

ஆய்வாளர் பழக்க தோஷத்தில் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

"இந்த ஆளு இன்னும் மூச்சை எண்ணிக்கிட்டிருக்காரு. கேட்டா பதில் சொல்லத் தெரியாதா?"

"இல்லம்மா, சாப்பிடல" என்றார் ஆய்வாளர். இரண்டாவது மூச்சு விட நேரமில்லை. குரல் வேனைத் தாண்டிப் போய், தெருவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப வண்டியை நம்ம வீட்டுக்கு விடுங்க" என்றாள் அவள் புருஷனிடம். பிறகு பின்பக்கம் பார்த்துச் சொன்னாள். "சாப்பிட்டு, உங்க வீட்டுக்குப் போய், மூடி வெச்சது ஆறிப்போச்சுன்னு உங்க சம்சாரத்துகிட்ட ஒரு சத்தம் போடுங்க. அவங்க திருப்பி என்ன சொல்றாங்களோ, கேட்டுக்கிட்டு நில்லுங்க. இப்ப அந்தத் துண்டைக் கழட்டி இப்படிக் குடுங்க. எங்க அடுப்புகிட்ட இன்னொரு தடவை அதோட வரக் கூடாது."

ஆய்வாளர் துண்டைக் கழற்றிக் கொடுத்தார்.